வீட்டுக்குள் வளரும் கறிவேப்பிலை: டொராண்டோ குளிர்காலத்துக்கான பிழை நீக்கும் வழிமுறை

டொராண்டோவிலும் ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்டன் பக்கங்களிலும் தமிழர் வீடுகளில் ஜன்னலோரம் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி நிற்பது வழக்கம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெளியில் தளதளவென்று இருக்கும். அக்டோபரில் உள்ளே தூக்கி வைத்த சில வாரங்களில் தொல்லை ஆரம்பிக்கும். இலை மஞ்சளாகும், பிசுபிசுக்கும், கொட்டும். ஜனவரியில் பல செடிகள் வெறும் குச்சியாக நிற்கும். அப்போது ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்: மோர் ஊற்று, உரம் போடு, தண்ணீர் போதவில்லை.

குளிர்காலத்தில் இந்தச் செடி வளர்வதில்லை, அல்லது மிக மெதுவாகத்தான் வளர்கிறது. வளராத செடிக்கு உரமும் தண்ணீரும் கூடக் கூட வேர்தான் கெடும். ஆகவே எந்தக் குறிக்கும் கவனிக்க வேண்டிய வரிசை ஒன்றுதான்: முதலில் வேரின் ஈரமும் சூடும், அடுத்து வெளிச்சம், அப்புறம் பூச்சி, கடைசியில்தான் உரம். உங்கள் செடியில் தெரியும் குறியைத் தேடி நேராக அந்தப் பகுதிக்குப் போகலாம். ஆனால் அடுத்து வரும் சோதனையை மட்டும் எல்லோரும் செய்துவிட்டுப் போங்கள்.

எந்தக் குறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை

ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி, பத்து நிமிடம் விட்டு எடுங்கள். மேல்மண் காய்ந்திருந்தாலும் குச்சியின் கீழ்ப்பாதி கறுத்து ஈரமாக வந்தால் தண்ணீர் ஊற்றும் நேரம் இன்னும் வரவில்லை. விரலை மேலே மட்டும் வைத்துப் பார்ப்பதுதான் பலரை ஏமாற்றுகிறது. தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடையை மனத்தில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் நல்லது. நன்றாகத் தண்ணீர் விட்ட அன்று ஒருமுறை, காய்ந்த பிறகு ஒருமுறை தூக்கினால் கைக்கே தெரிந்துவிடும்.

அடுத்து மண்ணின் சூடு. இறைச்சி வேகிறதா என்று பார்க்கும் சமையல் தெர்மாமீட்டர் போதும். விடியற்காலையில் ஒரு விரல் ஆழத்தில் செருகிப் பாருங்கள். அறை 21 டிகிரி செல்சியஸ் இருக்கும், ஆனால் ஜன்னல் கட்டையில் வைத்த தொட்டியின் மண் 12 அல்லது 13 காட்டலாம். வேர் இருப்பது அந்தக் குளிரில்தான்.

மூன்றாவது வெளிச்சம். கைப்பேசியில் லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, செடியின் உச்சியில் திரையை மேல்நோக்கிப் பிடித்து நண்பகலில் அளந்து பாருங்கள். கைப்பேசி அளவு துல்லியமானதல்ல, ஆனால் பெரிய வித்தியாசத்தைக் காட்டிவிடும். கோடை வெயிலில் வெளியே ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். டிசம்பரில் ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளி வைத்தால் சில ஆயிரம்கூடத் தேறுவது கஷ்டம். அதோடு டொராண்டோவில் டிசம்பர் கடைசியில் பகல் 9 மணி நேரம்தான்.

இந்த மூன்று விவரமும் கையில் இருந்தால் கீழே உள்ளவற்றில் பாதி தானாகவே விளங்கும்.

இலை பச்சையாக இருக்கும்போதே கொட்டுகிறது, மண்ணோ ஈரமாக இருக்கிறது

குளிர்காலத்தில் அதிகம் கேட்கப்படும் குறை இதுதான். தொட்டால் சிற்றிலைகள் பொலபொலவென்று உதிரும், நடு ஈர்க்கு மட்டும் செடியில் நிற்கும், இரண்டு நாளில் அதுவும் விழும். பூச்சி எதுவும் கண்ணில் படாது.

கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளின் வேர் சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனால் வேலையை நிறுத்திவிடும், கறிவேப்பிலையும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. பகலில் கண்ணாடி வழியாக வெயில் இலையில் பட்டு இலை சூடாகிறது, அதற்குத் தண்ணீர் வேண்டும். வேர் குளிரில் விறைத்துக் கிடப்பதால் மேலே ஏற்ற முடிவதில்லை. மண்ணில் தண்ணீர் நிறைய இருந்தும் இலைக்குத் தாகம். செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இலையைக் கழற்றிவிடுகிறது. நாம் தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றுகிறோம். குளிர்ந்த மண்ணில் நின்ற தண்ணீரில் வேர் அழுக ஆரம்பிக்கிறது.

செய்ய வேண்டியது: தொட்டியை ஜன்னல் கட்டையிலிருந்தும் ஓடு பதித்த தரையிலிருந்தும் எடுத்து, மர ஸ்டூல் அல்லது தடிமனான தெர்மோகோல் பலகை மேல் வையுங்கள். விதை முளைக்க வைக்கும் சூட்டு விரிப்பு தோட்டக் கடைகளில் கிடைக்கும். அதைத் தொட்டிக்கு அடியில் போட்டு மண்ணை 20 டிகிரிக்கு மேல் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் கொட்டுவது நிற்கும். விரிப்பு போட்டால் மண் சீக்கிரம் காயும், அதனால் குச்சிச் சோதனையை விடாதீர்கள். ஊற்றும் தண்ணீர் குழாயிலிருந்து பிடித்த ஜில்லென்ற தண்ணீராக இருக்கக் கூடாது. ஜனவரியில் குழாய்த் தண்ணீர் 5 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். முதல் நாளே வாளியில் பிடித்து அறைச் சூட்டுக்கு வந்ததும் ஊற்றுங்கள்.

ஹீட்டர் வென்டுக்கு நேர் மேலே தொட்டியை வைப்பது இதற்கு மாற்று அல்ல. அங்கே சூடான வறண்ட காற்று இலையைத்தான் தாக்கும், வேரை அல்ல.

இலை கொட்டுவதோடு மண்ணிலிருந்து புளித்த வாடை வந்தால் செடியைத் தொட்டியிலிருந்து மெதுவாக உருவிப் பார்க்க வேண்டும். நல்ல வேர் வெளிர் நிறத்தில், நகத்தால் வளைத்தால் விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாக, வழவழவென்று இருக்கும். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று வந்து, உள்ளே மெல்லிய நூல் மட்டும் நிற்கும். அப்படி வருபவற்றை வெட்டிவிடுங்கள். மீதி வேர் எவ்வளவோ அந்த அளவுக்குச் சின்னத் தொட்டியில், புதிய பாட்டிங் மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு பெர்லைட் (மண்ணை இளக்கும் வெள்ளைத் துகள்) கலந்து நடுங்கள். மேலே உள்ள கிளைகளையும் அதே விகிதத்தில் குறையுங்கள். உரம் வேண்டாம். பெரிய தொட்டிக்கு மாற்றினால் வேருக்கு இடம் கிடைக்கும் என்று தோன்றும். ஆனால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி அழுகல் கூடவே செய்யும்.

புதுத் தளிர் மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை

நுனியில் வரும் இளம் இலைகள் எலுமிச்சை மஞ்சளில், பச்சை நரம்புகள் வலைபோலத் தெளிவாகத் தெரியும்படி இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. பழைய இலைகள் பச்சையாகவே இருக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரும்பு செடிக்குள் ஒருமுறை போய்ச் சேர்ந்த இலையை விட்டு இன்னோர் இலைக்கு எளிதில் நகராது. அதனால் குறை எப்போதும் புது இலையில்தான் முதலில் தெரியும்.

மண்ணில் இரும்பே இல்லை என்பதால் இது வருவது அபூர்வம். இரும்பு இருக்கும், ஆனால் மண்ணின் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) ஏறிவிட்டதால் வேரால் எடுக்க முடியாது. கறிவேப்பிலைக்கு 6 முதல் 6.5 வரை உள்ள லேசான அமில மண் பிடிக்கும். டொராண்டோ குழாய்த் தண்ணீர் ஒன்டாரியோ ஏரியிலிருந்து வருவது, ஓரளவு சுண்ணாம்பு கலந்தது. மாதக்கணக்கில் ஊற்றும்போது அந்தச் சுண்ணாம்பு மண்ணில் சேர்ந்து பி.எச். மெல்ல ஏறுகிறது. கிச்சனர், வாட்டர்லூ, குவெல்ஃப் பக்கம் நிலத்தடி நீர், அங்கே இன்னும் மோசம். அந்த ஊர்களில் பல வீடுகளில் தண்ணீரை மென்மையாக்கும் உப்பு இயந்திரம் இருக்கும். அதில் வரும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றவே கூடாது. சுண்ணாம்புக்குப் பதில் சோடியம் சேரும், அது இன்னும் கெடுதல்.

உடனடித் தீர்வு இரும்புச் செலேட், அதாவது வேர் எடுக்கக்கூடியபடி பிணைத்து வைத்த இரும்பு. வாங்கும்போது டப்பாவில் எந்த வகை என்று பாருங்கள். ஈடிடிஏ (EDTA) வகை பி.எச். 6.5-க்குக் கீழே இருந்தால்தான் வேலை செய்யும். டிடிபிஏ (DTPA) வகை 7.5 வரை தாங்கும். ஈடிடிஎச்ஏ (EDDHA) 9 வரை போகும். நம் வீட்டுத் தொட்டிக்கு டிடிபிஏ போதுமானது. டப்பாவில் சொன்ன அளவில் பாதியைத் தண்ணீரில் கலந்து மண்ணில் ஊற்றுங்கள். ஏற்கெனவே மஞ்சளான இலை முழுதாகத் தேறும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடுத்து வரும் தளிர் பச்சையாக வந்தால் தீர்வு பலித்தது என்று பொருள்.

நிரந்தரத் தீர்வு தண்ணீரை மாற்றுவது. கோடையில் மழைநீர் பிடித்து வைக்கலாம். குளிர்காலத்தில் பின்முற்றத்துப் பனியை வாளியில் அள்ளி வந்து உருகவிட்டு, அறைச் சூட்டுக்கு வந்ததும் ஊற்றலாம். சாலையோரத்திலும் டிரைவ்வேயிலும் உள்ள பனியை மட்டும் எடுக்க வேண்டாம், அதில் உப்புத் தூவியிருப்பார்கள். வளரும் மாதங்களில் அசேலியா, எலுமிச்சை வகைகளுக்கென்று விற்கும் அமில உரத்தைப் பயன்படுத்தினால் பி.எச். ஏறாமல் இருக்கும்.

வினிகர் கலந்து ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. அந்த நேரத்துக்கு பி.எச். இறங்கும். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தைத் தின்று தீர்த்ததும் பழைய நிலைக்கே வந்துவிடும். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

மோரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் கொல்லைப்புறத்தில் நிற்கும் கறிவேப்பிலை மரத்துக்குப் புளித்த மோர் ஊற்றுவது நல்ல பழக்கம்தான். அங்கே மண் ஆழம், வெயில் உண்டு, மண்புழு உண்டு, ஊற்றியது அன்றே மட்கத் தொடங்கும். மூடிய வீட்டுக்குள் 25 சென்டிமீட்டர் தொட்டியில் அதே மோர் நாறும், மேலே பூசணம் பிடிக்கும், சிறு ஈ முட்டையிட வரும். ஜூனில் செடி வெளியே போனபிறகு நன்றாகத் தண்ணீர் கலந்து ஊற்றிக்கொள்ளுங்கள்.

பழைய கீழ் இலைகள் மட்டும் மஞ்சளாகி விழுகின்றன

முழு இலையும் ஒரே மாதிரி வெளிறினால் தழைச்சத்துக் குறை. நரம்பையொட்டிப் பச்சை நின்று நடுப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம். இரண்டும் பழைய இலையில்தான் முதலில் தெரியும்.

ஆனால் மாதத்தைப் பாருங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, புதுத் தளிரே இல்லாத செடியில் நான்கைந்து கீழ் இலை விழுவது இயல்பு. வெளிச்சம் குறைந்ததால் தாங்க முடியாத இலையைச் செடி விடுகிறது. அதற்கு உரம் போட்டால் பலன் இல்லை. விளக்குப் போடுங்கள், அது பின்னால் வருகிறது. மார்ச்சுக்குப் பிறகு தளிர் வந்துகொண்டே கீழ் இலை மஞ்சளானால் அப்போது உரம் சரி: பொதுவான திரவ உரம், சொன்ன அளவில் பாதி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மக்னீசியத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி எப்சம் உப்பு, மாதம் ஒருமுறை.

இலை மேல் ஊசி குத்தியதுபோல் வெளிர் புள்ளிகள், இலை மங்கி சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது

சிலந்திப்பேன். வீட்டுக்குள் கறிவேப்பிலைக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை. வலை கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

சந்தேகம் வந்ததுமே ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்து, ஈர்க்கை இரண்டு தட்டுத் தட்டுங்கள். தூசி மாதிரி சில துகள்கள் விழும். அரை நிமிடம் அசையாமல் பாருங்கள். சில துகள் நகரும். நகர்வதை விரலால் தேய்த்தால் தாளில் பச்சையாகவோ பழுப்பாகவோ சிறு கோடு விழும். அது பேன்தான், இலைச்சாறு குடித்த பேன். வெறும் தூசியென்றால் கோடு விழாது.

வீட்டில் ஹீட்டர் ஓடும் மாதங்களில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். சூடும் வறட்சியும் பேனுக்கு ரொம்பப் பிடிக்கும். 27 டிகிரி அளவுச் சூட்டில் முட்டையிலிருந்து முட்டையிடும் பருவம் வரை ஒரு வாரமே போதும். அதனால்தான் ஒருமுறை மருந்தடித்துவிட்டு நிம்மதியாக இருந்தால் இரண்டே வாரத்தில் திரும்ப வந்து நிற்கிறது.

தொட்டி மண்ணை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டி, செடியைக் குளியல் தொட்டியில் சாய்த்து வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரை ஷவரில் ஓரளவு வேகமாகவே பீய்ச்சுங்கள். முக்கியமாக இலையின் அடிப்பக்கம். பேன் குடும்பம் நடத்துவது அங்கேதான். கழுவி ஒரு மணி நேரம் உலர்ந்தபின் தோட்டக் கடையில் விற்கும் பூச்சிக்கொல்லிச் சோப்புக் கரைசலை அடிப்பக்கம் சொட்டச் சொட்டத் தெளியுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பில் வாசனையும் கொழுப்பு நீக்கியும் இருக்கும், இலை கருகும். சோப்பு முட்டையைக் கொல்லாது. ஆகவே நான்கைந்து நாளுக்கு ஒருமுறை, குறைந்தது நான்கு தடவை செய்தே ஆக வேண்டும். இரண்டாவது தடவைக்குப் பிறகு செடி நன்றாகிவிட்ட மாதிரி தோன்றும். அங்கே நிறுத்துபவர்களிடம்தான் பேன் திரும்புகிறது.

இது நாம் தாளிதத்தில் போடும் இலை. வேர் வழியாக ஏறி இலைக்குள் தங்கும் இமிடாகுளோபிரிட் மாதிரியான மருந்துகளை எந்த நிலையிலும் பயன்படுத்தாதீர்கள். சோப்படித்த செடியிலிருந்து இலை பறிப்பதற்கு முன் டப்பாவில் சொன்ன இடைவெளி விட்டு, நன்றாகக் கழுவி எடுங்கள்.

தடுப்பாக, அக்டோபரில் செடியை உள்ளே எடுக்கும் அன்றே இந்தக் குளியலைக் கொடுத்து, இரண்டு வாரம் மற்றச் செடிகளிடமிருந்து தள்ளித் தனி அறையில் வையுங்கள்.

இலையும் தரையும் பிசுபிசுக்கிறது, இலைமேல் கரி படிந்திருக்கிறது

செதில் பூச்சி, மாவுப்பூச்சி, அசுவினி மூன்றில் ஒன்று. சாறு குடித்து இனிப்பான கழிவை விடுகின்றன. அந்த இனிப்பில் வளர்வதுதான் கரும்பூசணம். கரியைத் துடைத்தால் போதாது, மேலே உள்ள கிளையில் பூச்சி இருக்கும்.

செதில் பூச்சி தண்டின் நிறத்திலேயே சின்ன மேடாக ஒட்டியிருக்கும். செடியின் பாகம் என்றுதான் பலர் நினைப்பார்கள். நகத்தால் நெம்பினால் கழன்று வரும், அடியில் ஈரம் தெரியும். மாவுப்பூச்சி ஈர்க்கு தண்டோடு சேரும் கக்கத்தில் பஞ்சாக இருக்கும். இரண்டையும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். பிறகு சோப்புக் கரைசல், வாரம் ஒருமுறை. அசுவினி இளந்தளிரில் கூட்டமாக இருக்கும், தண்ணீர் பீய்ச்சினாலே போய்விடும்.

மண்ணிலிருந்து சின்னக் கறுப்பு ஈ பறக்கிறது

பெரிய செடிக்கு ஈயால் ஆபத்து குறைவு. ஆனால் மேல்மண் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது என்பதற்கு அது நம்பகமான சாட்சி. மேலே இரண்டு அங்குலம் காயும்வரை தண்ணீரை நிறுத்துங்கள். மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்று செருகினால் பறப்பவை பிடிபடும். நாற்றங்கால் கன்று என்றால் அந்த ஈயின் புழு இளவேரைத் தின்னும். அங்கே பி.டி.ஐ. (Bti) என்ற பாக்டீரியா மருந்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றுவது நல்லது.

தண்ணீர் ஊற்றியும் செடி துவண்டு கிடக்கிறது, ஊற்றிய தண்ணீர் உடனே அடியில் ஓடிவிடுகிறது

கடையில் வாங்கும் மண்கலவையில் பெரும்பகுதி பீட் பாசி. அது ஒருமுறை முழுக்கக் காய்ந்தால் தண்ணீரை ஏற்காது. மண் கட்டியாகச் சுருங்கி, தொட்டிச் சுவருக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி விழும். ஊற்றும் தண்ணீர் அந்த இடைவெளி வழியே இறங்கிவிடும். வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, தொட்டியின் பாதி உயரம் மூழ்கும்படி அரை மணி நேரம் வையுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து வடியவிடுங்கள்.

இலை நுனி பழுப்பாகக் கருகுகிறது

மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்கு இருந்தால் உப்புத் தேக்கம். தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். இதைச் செடி வளரும் காலத்தில் செய்வது நல்லது, குளிர்ந்த ஜனவரியில் அல்ல. பொருக்கு இல்லையென்றால் பெரும்பாலும் வறண்ட காற்றுதான். அறையில் ஈரமூட்டி இயந்திரம் வைத்து 40 சதவீதத்துக்கு மேல் கொண்டுவந்தால் புது இலை நன்றாக வரும். இலைமேல் தண்ணீர் தெளிப்பதால் கிடைக்கும் ஈரம் சில நிமிடங்கள்கூட நிற்காது.

செடி நெட்டையாக, கணுக்களுக்கு நடுவில் நீண்ட இடைவெளியோடு, வாசனையில்லாத வெளிர் இலைகளோடு வளர்கிறது

வெளிச்சக் குறை. அறை சூடாக இருந்து வெளிச்சம் மட்டும் குறைந்தால் செடி இப்படித்தான் இழுத்துக்கொண்டு போகும்.

வெள்ளை எல்இடி விளக்கு வாங்குங்கள். ஊதாவும் இளஞ்சிவப்புமாக ஒளிரும் விளக்கிலும் செடி வளரும்தான், ஆனால் அந்த ஒளியில் இலையின் நிறமே தெரியாது. மஞ்சளா பச்சையா என்று பார்க்க முடியாவிட்டால் இந்த வழிமுறை முழுவதும் வீண். ஒரே ஒரு தொட்டிக்கு உண்மையாக 40 வாட் இழுக்கும் விளக்குப் போதும். டப்பாவின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் "1000 வாட்" விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், பின்னால் சிறிய எழுத்தில் மின்சாரம் எவ்வளவு இழுக்கும் என்று இருக்கும், அதுதான் கணக்கு. 40 வாட் விளக்கு தினமும் 14 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு சுமார் 17 யூனிட்.

உச்சியிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு லக்ஸ் அளவைப் பாருங்கள். 15,000 பக்கம் காட்டும்வரை ஏற்றி இறக்குங்கள். டைமர் போட்டு காலை 7 முதல் இரவு 9 வரை விடுங்கள். இரவு முழுக்க எரியவிட வேண்டியதில்லை.

விளக்கு வந்து ஒரு மாதம் ஆனதும் நெட்டையான நுனியைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று கிளை வெடிக்கும். சமையலுக்குப் பறிக்கும்போதும் இதே முறைதான். சிற்றிலைகளை மட்டும் உருவாமல் முழு நெட்டாக (ஈர்க்கோடு சேர்ந்த முழு இலையாக), தண்டையொட்டி எடுங்கள். அவ்வப்போது நுனியோடு சேர்த்துக் கிள்ளினால் செடி புதராகும். பூங்கொத்து வந்தால், விதை வேண்டாதவர்கள் கிள்ளிவிடலாம்.

மே மாதம் வெளியே வைத்த இரண்டே நாளில் இலை வெளுத்துவிட்டது

வெயில் காயம், நோய் இல்லை. வீட்டுக்குள் வளர்ந்த இலை நேர் வெயிலைத் தாங்காது. மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா டே வார இறுதிக்கு முன்னால் அவசரப்பட வேண்டாம். அதற்குப் பிறகும் இரவுக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே போகாது என்று தெரிந்தபின் வெளியே எடுங்கள். முதல் நான்கைந்து நாள் முழு நிழல், பிறகு காலை வெயில் மட்டும், பத்து நாளுக்குப் பின் முழு வெயில். வெளுத்த இலை பச்சையாகாது, புது இலை வந்ததும் வெட்டிக்கொள்ளலாம்.

வெளியே இருக்கும்போது பறவை எச்சம் போன்ற தோற்றத்தில் ஒரு புழு இலையை மொட்டையடித்தால், அது பெரிய வாலுள்ள பட்டாம்பூச்சி ஒன்றின் புழுவாக இருக்கலாம். தெற்கு ஒன்டாரியோவில் உள்ள அந்தப் பட்டாம்பூச்சி எலுமிச்சைக் குடும்பச் செடிகளைத் தேடி முட்டையிடும். கையால் எடுத்துத் தள்ளி வைத்தால் போதும்.

கடையில் வாங்கிய இணுக்கைத் தண்ணீரில் வைத்தேன், வேர் வரவே இல்லை

வராது. நாம் ஓர் இணுக்கு என்று எடுப்பது முழுக்க ஒரே ஒரு கூட்டிலை. அதில் பல சிற்றிலைகள் இருந்தாலும் மொட்டு எதுவும் இல்லை. மொட்டு இல்லாத இடத்திலிருந்து தண்டு முளைக்காது. எவ்வளவு நாள் வைத்தாலும் அழுகும். கணுவோடு கூடிய தண்டுத் துண்டிலும் வேர் வருவது சிரமம்தான். விதையோ, வேரிலிருந்து முளைக்கும் பக்கக்கன்றோதான் நம்பக்கூடிய வழி.

ஊருக்குப் போய்வரும்போது கன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நடுவதற்கான செடியைக் கனடாவுக்குள் கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். அது வெறும் காகிதச் சடங்கு இல்லை. எலுமிச்சை வகைகளைக் கொல்லும் பசுமையாதல் நோயைப் பரப்பும் சாறுறிஞ்சிப் பூச்சி கறிவேப்பிலையில் நன்றாக வாழும். புளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்கள் அந்த நோயால் பட்டிருக்கும் அழிவு மிகப் பெரிது. அமெரிக்காவில் அந்தப் பூச்சி பரவிய மாநிலங்களிலிருந்து கறிவேப்பிலைச் செடியை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு இருப்பதும் இதனால்தான்.

மொத்த இலையும் கொட்டி வெறும் குச்சியாக நிற்கிறது

தூக்கிப் போடாதீர்கள். தண்டின் மேல்நுனியில் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் ஓர் அங்குலம் கீழே சுரண்டுங்கள். பச்சை வரும்வரை இறங்கிக்கொண்டே போய், பச்சைக்குச் சற்று மேலே சுத்தமான கத்தரியால் வெட்டுங்கள். அடிவரை பழுப்பாகவே இருந்தாலும் தரைமட்டத்தில் வெட்டிவிட்டுத் தொட்டியை வைத்திருங்கள். வேரிலிருந்து பக்கக்கன்று வருவது உண்டு.

இலையே இல்லாத செடி தண்ணீர் குடிக்காது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் போதும், அதுவும் குச்சிச் சோதனைக்குப் பிறகு. மண்ணை 20 முதல் 24 டிகிரிக்குள் வைத்து, விளக்கை விடாமல் போடுங்கள். ஒரு வாரத்தில் ஒன்றும் நடக்காது, ஒரு மாதத்திலும் நடக்காமல் போகலாம். ஜூன் கடைசிவரை பொறுக்கலாம். கணுவில் பச்சைப் புள்ளி வந்து, அது இரண்டு விரல் நீளத் தளிரானதும் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டுங்கள். முதல் நெட்டு முழுதாக விரிந்த பிறகு கால்பங்கு உரத்தில் தொடங்கலாம். அதிலிருந்து இலை பறிக்க, இன்னும் நான்கைந்து நெட்டு வரும்வரை காத்திருங்கள்.

ஜூலையிலும் பச்சை வரவில்லையென்றால் புதுச் செடிதான். தெரிந்தவர் செடியில் பழம் கறுத்துப் பழுத்திருந்தால் கேட்டு வாங்கி, சதையைக் கழுவி எடுத்து அன்றே நடுங்கள். காய்ந்த விதை சில வாரங்களிலேயே முளைக்கும் சக்தியை இழந்துவிடும். அரை அங்குல ஆழம், சூட்டு விரிப்பு மேல், மண் ஈரப்பதமாக மட்டும். மூன்று வாரத்தில் முளை தலைகாட்ட வேண்டும்.